பீரான்குட்டியின் முழங்காலுக்கு ஒரு ஃபவுல்

கேரளத்து அரீக்கோட்டில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துக்கு முப்பது வருடம் நடுவராக ஊதல் ஊதியவர் பீரான்குட்டி. விழுந்து புரள்கிற ஆட்டக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "எந்திரிடா, பாய் விரிக்கணுமா?" என்று மஞ்சள் அட்டையை நீட்டுவார். பாதி நேரம் அவர் கணிப்பு சரி. அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

எழுபத்திரண்டாம் வயதில் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து அவருடைய வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். மறுநாள் காலை நர்ஸ் ஆன்ஸி கேட்டாள்.

"இக்கா, வலி பத்துக்கு எவ்வளவு?"

"சைபர்."

"தலகாணி உறையக் கடிச்சிட்டு சைபரா?"

"பசிக்குது மோளே."

மாத்திரையையும், வலிக்கிறவனுக்குக் கொடு என்று தள்ளிவிட்டார். அதனால் பிசியோதெரபி பயிற்சியாளர் மடக்கியபோதெல்லாம் கால் பாதியில் கம்பாக நின்றது.

"இப்படியே போனா கால் மடங்காது. கேலரியில எப்படி உக்காருவீங்க?" என்றாள் ஆன்ஸி.

ஒன்றரை மாதத்தில் ஊர் செவன்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம். மூங்கில் கேலரியின் முதல் வரிசை அவருடையது. முகம் வாடியது. அவர் சொன்ன சைபர் மட்டும் மாறவில்லை.

மூன்றாம் நாள் செய்தலவி ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். பீரான்குட்டி ஊதிய காலத்து முன்வரிசை ஆட்டக்காரன். இப்போது அவனும் நடுவர், கழுத்தில் ஊதல். பயிற்சியாளர் காலை மடக்க, பீரான்குட்டியின் கண் நிறைந்தது. செய்தலவி ஓங்கி ஊதினான். வார்டே அடங்கியது.

"எதுக்குடா ஊதுன?"

"ஃபவுல், இக்கா. ஆள் மயங்கிக் கிடக்கையில டாக்டர் கால வெட்டியிருக்காரு."

பீரான்குட்டி சட்டத்தை யோசித்தார். மயங்கிக் கிடப்பவன் நடிக்க முடியாது. அது நிச்சயம்.

"ஃபவுல்தான்," என்று முனகினார். "எழுதிக்கோ மோளே. எட்டு. எட்டரை."

ஆன்ஸி மாத்திரையை நீட்டினாள். விழுங்கினார்.

"என் கணுக்கால் ஒடிஞ்ச அன்னைக்கு எனக்குப் பத்து," என்றான் செய்தலவி.

"அப்பவே சொல்றதுக்கென்னடா?"

"சொன்னேன். அதுக்குத்தானே அட்ட காட்டுனீங்க."

பீரான்குட்டி வெகுநேரம் ஆரஞ்சு உரித்தார். வலிக்குச் சாட்சி ஒருவன்தான், அதற்கு நடுவர் கிடையாது. இது அவருக்குப் பிடிபட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து பயிற்சிக்கு அரைமணி முன்பே மாத்திரை கேட்டு வாங்கினார். கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது.

இறுதி ஆட்டத்தில் முதல் வரிசையில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். ஒருவன் விழுந்து புரண்டான். "நடிப்பு, நடிப்பு," என்று கேலரி கத்தியது.

பீரான்குட்டி எழுந்து நின்றார்.

"பத்துக்கு எவ்வளவுன்னு மொதல்ல அவன்கிட்ட கேளுங்கடா."