பத்துக்குப் பத்து

அலமாரியை ஒழிக்கும்போதெல்லாம் அந்த ரெக்கார்டு நோட்டு மட்டும் குப்பைக்குப் போகாமல் தப்பித்துவிடுகிறது. கணினி ஆய்வகத்தில் செய்து பார்த்ததை எழுதி வைக்கும் நோட்டு. பழுப்பு அட்டை, ஓரம் மடங்காத தாள்கள், அச்சடித்ததுபோல் கையெழுத்து. இரண்டாயிரத்துச் சில்லறை ஆண்டுகளில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தியுடையது.

அப்போது நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். மலைக் கிராமத்துப் பெண்களும் கணினி படிக்க வர வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, ஜீப் பிடித்து ஊர் ஊராக அலைந்தவள் நான்தான். மலைமேல் இருக்கும் போளூரில் அவளைக் கண்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் லயம் என்னும் வரிசை வீடுகளிலிருந்து திரும்பிய குடும்பம். அப்பாவுக்குக் கேரட் தோட்டத்தில் கூலி வேலை. அவளுடைய கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "லயத்துல பொறந்த ஆளு நானு. ஒங்கள நம்பித்தான் அனுப்புறேங்க டீச்சரம்மா" என்றார் அப்பா. சேர்ந்த சில மாதத்திலேயே கல்லூரிக் கையேட்டின் அட்டையில் அவள் படம் வந்தது. எனக்கு அதில் கர்வம்தான்.

ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. வரிசை எண்படி அவளுக்கு வாய்த்த ஜோடி ஒரு மதுரைக்காரி, வீட்டிலேயே கணினி வைத்திருந்தவள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். நான் மேசை மேசையாக வருவேன். திரையில் விடை சரியாக இருந்தால் நகர்ந்துவிடுவேன். நோட்டுத் திருத்தும் நாளில் இவளுடையதை வகுப்புக்கே தூக்கிக் காட்டுவேன்.

செய்முறைத் தேர்வில் தனித்தனியாக உட்கார வேண்டும். தாளில் நிரலைப் பிழையில்லாமல் எழுதிவிட்டாள். கணினி முன்னால் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தபோது திரையில் நாலே வரி. தேறவில்லை. வராந்தாவில் நிறுத்தி, ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் அழவில்லை.

"அவ வெரசா அடிப்பா மேம். அவ அடிக்கயில நான் நோட்டு எழுதிருவேன், பொறகு அவ என்னோடதப் பாத்து எழுதிக்கிருவா. பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், தொட்டதில்ல. நீங்களும் நல்லாருக்குன்னுதான மேம் சொன்னீங்க?"

விடுமுறைக்குப் போனவள் திரும்பவில்லை. ஒரு தேர்வுதான், மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல நோட்டோடு மலையேறினேன். அவள் வீட்டில் இல்லை.

"வெள்ளனே வேலைக்குப் போயிட்டா டீச்சரம்மா. படிப்பு ஏறலைன்னு அவளே சொல்லிட்டா. இம்புட்டுத் தூரம் வந்து கூட்டிட்டுப் போனீங்க, ஒங்க பேரைக் கெடுத்துட்டா. மனசுல வச்சுக்காதீங்க" என்று அப்பா கைகூப்பினார்.

தப்பு அவளுடையதல்ல, பக்கத்தில் உட்கார வைத்ததோடு சரி என்று இருந்துவிட்ட என்னுடையது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த ஆண்டு இந்த ஊரில் யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவளை மறுபடி அனுப்பியிருப்பார். அவர் கொடுத்த பால் கலக்காத தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினேன். நோட்டு என் பையிலேயே இருந்தது.

இப்போது ஆய்வகத்தில் ஆளுக்கொரு கணினி. கையேட்டு அட்டையில் இன்னும் நிறைய முகங்கள். நான் திரையை விட்டுவிட்டு யார் கை விசைப்பலகையில் இருக்கிறது என்று பார்க்கப் பழகியிருக்கிறேன். அதனால் அவளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது?

இன்றும் நோட்டைத் தூக்கிப்போட எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. அதன் கீழே, "எல்லோரும் இவளைப் போலச் செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.