உப்பு முடிகிற இடம்

பாய் ஏற்றியாகிவிட்டது, படகு தயாராக நின்றது, நான்தான் ஏறவிடவில்லை. வெள்ளிக்கிழமை, மணி பத்தரை. அக்கா ஒரு காலைப் படகில் வைத்துவிட்டாள். கைப்பேசியில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "ராகு காலம்க்கா, பன்னெண்டுக்கு மேல ஏறுவோம்" என்று கையைப் பிடித்து இறக்கினேன். சிங்கப்பூரில் பதினைந்து வருடம் நேரம் காலம் பார்க்காமல் வேலைக்குப் போய்வந்தவன் நான். அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. கோடை நெருங்கினால் கடல்நீர் ஆற்றில் ஏறி வந்துவிடும். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அப்பா வயலுக்குத் தண்ணீர் திறப்பார். கூடவே போய் அக்காவும் ருசி பார்ப்பாள். உப்பு எந்த இடத்தில் முடிந்து நல்ல தண்ணீர் தொடங்குகிறது என்பது அப்போதிலிருந்தே அவளுடைய கேள்வி. முத்துப்பேட்டைக் காயலிலிருந்து பாய்ப்படகில் ஆற்றுக்குள் மேலேறி அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த வாரம், "இப்பவே கூட்டிட்டுப் போடா, அப்புறம் லீவு முடிஞ்சு நீ பறந்துடுவே" என்றாள்.

"கடத்தண்ணி இப்ப ஆத்துல ஏறிக்கிட்டிருக்குங்க. அதோடவே போயிடணும். இறங்க ஆரம்பிச்சா மேல தரை தட்டிடும்" என்றார் படகுக்காரர். நான் அசையவில்லை. அக்கா சிரித்தாள். "கடலுக்கு யாருடா பஞ்சாங்கம் வாசிச்சுக் காட்டுறது?" கரையில் குடை பிடித்து உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

பன்னிரண்டு தாண்டிக் கிளம்பினோம். தென்காற்றில் படகு நிதானமாகப் போயிற்று. அலையாத்திக் காடு பின்தங்கி, இரு கரையிலும் கோரை வந்தது. அக்கா விளிம்பில் சாய்ந்து, அள்ளி நாக்கில் வைத்து, "கரிக்குது" என்பாள். கொஞ்ச தூரம் போனதும், "கொறையுதுடா, கொறையுது!" எதைச் சாப்பிட்டாலும் மண் மாதிரி இருக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம். படகு சுணங்கியது. படகுக்காரர் கோலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "இறங்க ஆரம்பிச்சிடுச்சுங்க, திரும்பிடுவோம்" என்றார்.

அவள் கடைசியாக ஒரு கை அள்ளினாள். "லேசாத்தான் இருக்கு. பரவால்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்." என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

ஆடியில் போய்விட்டாள்.

இந்த மாசியில் விடுப்பில் வந்து அதே படகுக்காரரோடு போனேன். எப்போது கிளம்பலாம் என்று அவரையே கேட்டேன். அன்றைக்கு நாங்கள் திரும்பிய இடத்தைக் காட்டினார். அதைத் தாண்டி ஆறு இரண்டு முறை வளைந்தது. "இப்பப் பாருங்க" என்றார். அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. அங்கிருந்து இங்கே வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அவளைக் கரையில் உட்காரவைத்தது ஒன்றரை மணி நேரம்.