ஓட்டையில்லாத இலைகள்

நான் வேலை செய்யும் கட்டிடத்துக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. இங்கிலாந்துக்கு வந்த முதல் கோடையில் இது தெரியாமல், பக்கத்து வீட்டம்மா தன் தோட்டத்தில் பறித்துக் கொடுத்த ரோஜாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு போனேன். வாசல் காவலர் என் தலையைக் காட்டி, "அது உள்ளே வரக் கூடாது" என்றார். என் நிறத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்குப் பூவைப் பொறுக்க முடியவில்லையாக்கும் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்கள் ஊரில் இது மரியாதையான வழக்கம்" என்றேன் விறைப்பாக. அவர் திருதிருவென்று விழித்தார். "பூ அழகாகத்தான் இருக்கிறது, அம்மா. அதில் பூச்சி இருந்தால் என்ன செய்வது?" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். உள்ளே அலமாரி அலமாரியாக உலகத்துச் செடிகளெல்லாம் காய்ந்து, தாளில் ஒட்டப்பட்டுக் கிடக்கின்றன. ஹெர்பேரியம் என்பார்கள். ஒரு பச்சைப் பூவோடு நாலு பூச்சி நுழைந்தால் அத்தனையும் பொடிப்பொடியாகிவிடும். அன்று முதல் வாசல் மேசையில் இருக்கும் தம்ளரில் பூவைப் போட்டுவிட்டு உள்ளே போகிறேன். செடியோடு பூச்சியைக் கொண்டுவந்தவள் என்ற சந்தேகம் என் மேல் ஒரு நிமிஷம்தான் இருந்தது. என் அண்ணன் செல்லத்துரை அதே பழியோடு ஆறு வருஷமாகப் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் கிடக்கிறார்.

இப்போது எனக்குக் கொடுத்திருக்கும் வேலையைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். மார்கரெட் என்ற மூத்த விஞ்ஞானியின் கீழ், காய்ந்த இலைகளில் பூச்சி தின்ற ஓட்டைகளை எண்ணுகிறேன். எந்த மலையில் எந்தக் காலத்தில் என்ன பூச்சி இருந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். உயிரோடிருக்கும்போது கடிபட்ட இலை காயத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு தழும்பு கட்டிக்கொள்ளும். செத்துக் காய்ந்த பிறகு அலமாரிப் பூச்சி தின்றால் தழும்பு இருக்காது. மனுஷருக்கும் அப்படித்தான் என்று முதல் நாளே நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் மலை மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். பாலக்காட்டில் தாவரவியல் படித்து முடித்து நான் வீட்டில் சும்மா இருந்த சமயம், செடி சேகரிக்க ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருக்கு ஊர்ப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லவும் செடிகளைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்தவும் என்னைச் சேர்த்துவிட்டவர் அண்ணன்தான். ஏலச் செடி எடுக்கும் நாளில் அவரும் கூட வந்தார். துரை கைக்கு அகப்பட்ட தட்டையை ஒடிக்கப் போனார். அண்ணன் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"தொரைகிட்ட சொல்லு தங்கச்சி, அது ஓட்ட எலை. வேற நல்லதாப் பாத்துத் தாரேன்."

"எதுன்னா என்னண்ணே, காயப்போடத்தானே?"

"போடி இவளே. ஒருத்தர் கையில குடுக்கிற வெத்தலையில ஓட்டை இருந்தா வாங்குவாகளா? நம்ம மலை எலை சீமைக்குப் போகுது. நாளைக்கு நாலு பேரு பாத்து, இவனுக தோட்டத்த வச்சிருக்கிற லட்சணத்தப் பாருன்னு சொல்லவா?"

அன்று காலை முழுக்க அவர் தோட்டமெல்லாம் அலைந்தார். சுருண்டிருக்கும் குருத்தைப் புழு துளைத்துவிட்டால், இலை விரியும்போது குறுக்கே ஒரே வரிசையில் ஓட்டைகள் தெரியும். அப்படிப்பட்டவை நிறையவே இருந்தன. அவற்றைக் கிள்ளிக் கிள்ளி எறிந்துவிட்டு, பொண்ணுக்குப் புடவை எடுப்பது போல் பார்த்துப் பார்த்து, கண்ணாடி மாதிரி இலைகளாகக் கொண்டுவந்து கொடுத்தார். நான் தாளில் விரித்தேன். தாம்பூலத் தட்டுக்கு வெற்றிலை அடுக்குகிற நினைப்புதான் எனக்கும். படித்தவள் நான், ஓட்டை இலையும் சேரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தத் துரையின் சிபாரிசில்தான் நான் இங்கே வந்தேன். நான் வந்த மறு வருஷம் அண்ணன் வேறொரு மலையிலிருந்து ஏல நாற்று வாங்கிவந்து தோட்டத்தில் நட்டார். அந்த வருஷம் பூச்சி கண்டபடி பெருகிக் குருத்துகள் காய்ந்தன. "உன் நாற்றோடுதான் பூச்சி வந்தது" என்றார் முதலாளி. அதற்கு முன்பே பூச்சி இருந்தது என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் எடுபடவில்லை. கூட வேலை செய்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மதினியோடு அவள் ஊரான எலப்புள்ளிக்குப் போய்விட்டார். மச்சினர் வயலில் வேலை. மலைக்காரருக்கு அந்த வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பழியும் ஒத்துக்கொள்ளவில்லை.

சீமையில் எனக்கு ஓட்டை எண்ணும் உத்தியோகம் என்று அவருக்கு வேடிக்கையாக எழுதிப் போட்டேன். பதில் வேடிக்கையாக இல்லை.

"தங்கச்சி, நாம தொரைக்குக் குடுத்த ஏல எலை அங்கதான இருக்கும்? நான் நாத்துக் கொண்டாரதுக்கு முந்தி எடுத்தது. அதுல ஓட்டை இருக்குன்னு ஒரு காயிதத்துல எழுதி சீல் வச்சு அனுப்பு. வண்டன்மேட்டுக்குப் போயி மொதலாளிகிட்ட காட்டணும். நான் பூச்சி கொண்டாந்தவன் இல்லேன்னு அந்த ஆளு வாயால சொல்லணும்."

கடிதத்தைப் படித்ததுமே அண்ணன் இலை கிள்ளிய அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் அலமாரியைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்தேன். லேபிளில் என் கையெழுத்து. லென்ஸை வைத்து இலை இலையாகப் பார்த்தேன். ஒரு ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. கிள்ளி எறிந்ததையே மறந்துவிட்டு அண்ணன் அதே இலையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாரே என்று நினைத்ததும், மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன்.

மார்கரெட் எட்டிப் பார்த்துத் தாளை வாங்கினார். "எவ்வளவு சுத்தம்! அப்படியானால் பூச்சி இதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது" என்று பென்சிலை எடுத்தார்.

"இல்லை. இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். நாங்கள் நல்ல இலையாகப் பொறுக்கிக் கொடுத்தோம்."

"ஏன்?"

கொடுக்கிற இலையில் ஓட்டை இருக்கக் கூடாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஊர் நினைப்பில் அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டார் போல, தோளைத் தட்டி, "தாளில் இல்லாததை நான் எண்ண முடியாதே" என்றார். பொய் சொல்வதே அந்தத் தாள்தான். என் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்வதும் அதே தாள்தான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பழைய தாளில் எதையும் அடிக்கவோ திருத்தவோ கூடாது. மாற்றுக் கருத்து இருந்தால் சின்னச் சீட்டில் எழுதிப் பெயரோடு பக்கத்தில் ஒட்டலாம். மார்கரெட்டிடம் கேட்டுக்கொண்டு எழுதினேன்: 'இவை பொறுக்கி எடுத்த இலைகள். அன்று தோட்டத்தில் ஓட்டை விழுந்தவை நிறைய இருந்தன. இதை வைத்துப் பூச்சி இல்லை என்று சொல்லக் கூடாது.' பொறுக்கியவர் யார் என்று எழுதவில்லை. கீழே என் பெயரைப் போட்டேன். மார்கரெட் படித்துவிட்டு, அந்தத் தாள்களைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். தங்கை எழுதிய சீட்டை முதலாளி நம்பப் போவதில்லை; அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அண்ணனுக்கு எழுதினேன்: 'இலையில் ஓட்டை இல்லை அண்ணே. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஓட்டை இலைகளை நான்தான் கிள்ளி எறிந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.'

மூன்று வாரம் கழித்து, போன திங்கட்கிழமை காலை பதில் வந்தது. மேசையில் உட்கார்ந்து பிரித்தேன்.

"தங்கச்சி, நீ கிள்ளல. நாந்தான் கிள்ளுனேன். உன் காயிதம் பாத்தப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. எனக்காகப் பொய் எழுதாத. இனிமே நான் மலைக்குப் போகல. நீயும் அந்த எலையத் தேடாத. ஒடம்பப் பாத்துக்க."

அந்த ஏல இலைத் தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாலையில் வெளியே வரும்போது காவலர் தம்ளரிலிருந்து என் ரோஜாவை எடுத்து நீட்டினார். காம்பில் இருந்த இரண்டு இலைகளில் ஒன்று கடிபட்டிருந்தது. அவரும் அதைக் கவனித்து, "அதைக் கிள்ளிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி, அந்த இலையோடேயே தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.