நான் வைக்காத நேர்த்தி

என் தங்கைக்குச் சுருட்டை முடி. சுருட்டை என்றதும் அழகாக நெளிந்து தோளில் விழும் முடி என்று நினைத்துவிடாதீர்கள். அது விழாது, எழும்பும். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் எங்கள் லயம். காலையில் மூடுபனி இறங்கி, அந்த ஈரக் காற்று பட்டால் போதும், ஏற்கெனவே உப்பியிருக்கும் தலை இன்னும் ஒரு சுற்று உப்பும். ரிப்பன் கட்டினால் ரிப்பனைத் தேட வேண்டும். சீப்பு பல் உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். விடிந்ததும் பெரட்டுக்கு ஓட வேண்டும். பெயர் கூப்பிட்டு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடும் அந்த இடத்துக்குப் பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தங்கச்சிக்குத் தலை சீவி, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கு அனுப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது, அவளுக்கு எட்டு.

அம்மாவுக்கு அந்த முடியைப் பணியவைக்கத் தெரியும். எங்கள் ஊர்க் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போத்தலை அடுப்போரத்தில் வைத்து உருக்குவார். முடியை நனைத்து, எண்ணெய் தடவி, நாலு பங்காகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவார். தங்கச்சி அவர் மடியிலேயே தூங்கிப்போவாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

வார நாட்களில் நான் என்ன செய்தேன்? எண்ணெய் உருகும்வரை எவள் காத்திருப்பாள்? காய்ந்த முடியில், உச்சியிலிருந்து கீழே, என்னுடைய நெருக்கப் பல் சீப்பால் ஒரே இழுப்பு. அவள் கத்துவாள்.

"வலிக்குதுக்கா! மெதுவாக்கா!"

"வாய மூடுடி. பஸ் போயிரும்."

இன்னும் கத்தினால் சீப்பின் பின்பக்கத்தால் மண்டையில் ஒன்று வைப்பேன். எட்டு வயதுப் பிள்ளையை! இன்றைக்கு என் மகளை யாராவது அப்படி அடித்தால் நான் சும்மா விடுவேனா? கையை முறித்துவிடுவேன்.

எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால், நான் மாணவத் தலைவி. சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு பள்ளி வாசலில் நின்று, பிந்தி வருகிறவர்களின் பெயர் எழுதுகிறவள். அந்தப் பெயர் எழுதுகிறவளே வாரத்தில் இரண்டு நாள் பிந்தி வந்தால் எப்படி இருக்கும்? எல்லோருக்கும் முன்னால் உப அதிபர் சொல்லிவிட்டார்.

"இன்னொரு நாள் பிந்துனா பேட்ஜைக் கழட்டி மேசையில வச்சுட்டுப் போ."

எங்கள் லயத்திலிருந்து பேட்ஜ் குத்திய முதல் பிள்ளை நான். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு உப அதிபர்மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அந்தப் பரட்டைத் தலைமேல்தான்.

அந்த மழைக்காலத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விட முடியாமல் திணறினாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் பத்து நாளுக்குமேல் வைத்திருந்தார்கள். அம்மா வேலைக்குப் போகாமல் அவள் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தார். நான் வீட்டில் இருந்தேன், பள்ளிக்கு நேரத்துக்குப் போனேன். அவளுக்காகக் கும்பிட்டேனா? யோசித்துப் பார்த்தால் ஞாபகமே வரவில்லை. காலையில் வீடு சத்தமில்லாமல் இருந்ததுதான் ஞாபகம் வருகிறது.

பிழைத்து வந்தாள். உடம்பு ஒட்டிப்போயிருந்தது, தலை மட்டும் இரண்டு மடங்கு. பத்து நாள் தலையணையில் உருண்ட முடி, கால்மிதி மாதிரி ஒரே சிக்கு. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"ரெண்டு மூணு நாள் ஆனாலும் பரவாயில்ல, மெதுவா சிக்கெடுத்து விடு. புள்ள நோவுல கெடந்து வந்துருக்கா."

அந்தச் சிக்கைப் பார்த்தேன். திங்கட்கிழமை பள்ளி. என் வாயிலிருந்து தானாக வந்தது அந்தப் பொய்.

"அம்மா, அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மாரியம்மாவுக்கு நேந்துக்கிட்டேன். பொழச்சு வந்தா மொட்ட போடுறதா."

அம்மா அப்படியே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "பெத்தவ எனக்குத் தோணலையே, ஒனக்குத் தோணிருக்கே தாயி!" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு அக்காமார் வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்து நின்றேன். தூ!

தங்கச்சி மட்டும் மூலையிலிருந்து ஒரு கேள்வி கேட்டாள். "என்னையக் கேட்டியாக்கா?"

அவளைப் பள்ளிக் கலைவிழாவில் கும்மிக்கு எடுத்திருந்தார்கள். மொட்டைத் தலையில் பூ வைக்க முடியாது என்று டீச்சர் வேறு பிள்ளையைப் போட்டுவிட்டார். அவள் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்து கைதட்டினாள். அடுத்த ஆறு மாதம் நான் ஒருநாள்கூடப் பள்ளிக்குப் பிந்தவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால்கூட மறந்திருப்பேன். அவள்தான் மறக்கவிடவில்லை. குல்லாவைப் பிடித்து இழுத்துக் கேலி செய்த பிள்ளைகளிடம் எதிர்த்து நின்று, "எங்கக்கா நேந்துக்கிட்டதாலதான் நான் உசுரோட இருக்கேன், தெரியுமா?" என்று சண்டைக்குப் போனாள். முதலில் பிள்ளைகளிடம், பிறகு டீச்சர்களிடம், பெரியவளானதும் தன் சிநேகிதிகளிடம். நான் கல்யாணம் கட்டி ஹட்டனுக்குப் போன நாளில் என் கணவரிடமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துவைத்தேன். நிஜத்தைச் சொல்ல எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். இவ்வளவு பாசத்தை எவளுக்குத்தான் விட மனசு வரும்?

முடி திரும்ப வளர்ந்தது, அதே பரட்டையாக. ஆனால் அவள் என்னை நம்பி இருக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். காய்ந்த தலையில் சீப்பு வைக்கவே மாட்டாள். ஈரத்தில் விரலாலேயே சிக்கெடுப்பாள். துவாயால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுப்பாள். வெண்டிக்காயை அவித்து, அந்த வழுவழுப்பை வடித்துத் தலையில் பூசுவாள். "கறிக்கு வாங்குனத தலைக்கு வக்கிறா பாரு" என்று அம்மா திட்டுவார். திட்டினாலும் அடுத்த சந்தையில் இரண்டு பங்கு வாங்குவார். இப்போது அவள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். சுருள் சுருளாக இடுப்புவரை இறங்கிய அந்த முடியைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

போன வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்து ஒப்பரேஷன் செய்தார்கள். நல்ல கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். இந்த வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம் அம்மா போன் எடுத்தார்.

"நீ வந்து அவகிட்டச் சொல்லு. ஒனக்காக முழு மொட்ட நேந்துருக்காளாம். அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாறாங்க. மூணு கொத்து பூமுடி குடுத்தாப் போதும்னு பூசாரியே சொல்லிட்டாரு, கேக்க மாட்டேங்குறா. 'அக்கா எனக்கு மூணு கொத்தா நேந்தா?'ன்னு என்னையவே கேக்குறா."

ஹட்டனிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து ராகலை பஸ். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சொன்னால் முடி தப்பும், தங்கச்சி போவாள். சொல்லாவிட்டால் தங்கச்சி இருப்பாள், முடி போகும். இரண்டாவது தடவையும் என்னால்.

வெள்ளிக்கிழமை காலை. கோயிலில் மேளம் தொடங்கியிருந்தது. அவள் மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அம்மா மாவிளக்குத் தட்டோடு கோயிலுக்குப் போயிருந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"மொட்ட போடாதடி. நான் நேரவே இல்ல. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அவள் புரியாமல் பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். உப அதிபர், பேட்ஜ், பஸ், திங்கட்கிழமை, அந்தச் சிக்கு. பாதியில் அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள்.

"அந்த பேட்ஜ் இப்ப எங்கக்கா?"

"தெரியல."

"தெரியல," என்று அவளும் ஒரு தடவை சொல்லிப்பார்த்தாள்.

"கும்மிக்கு எடுத்த பச்சப் பாவாடை," என்றாள். "ஒருநாள்கூட உடுத்தல. மடிச்சே வச்சிருந்தேன்."

காலில் விழுந்திருப்பேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அழாத. அழுதா நான் ஒன்னச் சமாதானப்படுத்தணும். இன்னிக்கு என்னால முடியாது."

"முடியையாவது விட்டுரு. எனக்காகக் குடுக்காத. நான் அதுக்கு லாயக்கில்ல."

"நீ சொன்னது பொய். அது ஒன்னோட. நீ கத்திக்குக் கீழ படுத்திருந்தப்ப நான் அழுது நேந்தது நெசம். நீ பொய் சொன்னேன்னு நான் ஆத்தாகிட்டப் பொய் சொல்லணுமா?"

அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"சிக்கோட போனா கத்தி இழுக்கும். எடுத்து விடு."

எண்ணெய்ப் போத்தல் அதே மாடத்தில்தான் இருந்தது, உறைந்துபோய். அடுப்போரத்தில் வைத்து, அடியிலிருந்து தெளிந்து வரும்வரை காத்திருந்தேன். உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தேன். முடியை நாலு பங்காகப் பிரித்தேன். அகலப் பல் சீப்பை நுனியில் வைத்தேன். சிக்கு தட்டிய இடத்தில் மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே விரலால் பிரித்துவிட்டேன். ஒரு பங்கு முடிந்தது, பிறகு அடுத்தது. அவள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. மேளச் சத்தம் லயத்துப் பக்கம் நெருங்கி வந்தது.

நாலாவது பங்கில் கை வைத்தபோது அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அப்பவும் ஒனக்கு இப்படிச் சீவத் தெரியுமாக்கா?"

"தெரியும்," என்றேன்.