ஊரூர் குப்பத்தில் ஒரு வரிசை வண்டி விளக்குகள்

அடைமழைக் காலத்தில் கடலைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, மழை தூறலாகக் குறைந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன். "சளி புடிச்சா எங்கிட்ட வராத" என்று வழியனுப்பினார் கணவர்.

கோபாலபுரத்திலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாக ஊரூர் குப்பம் எட்டு கிலோமீட்டர்தான். நான்கு மணிக்குக் கிளம்பினேன். லஸ் பக்கம் முழங்கால் தண்ணீர், போய்ச் சேர ஐந்தே கால். பெசன்ட் நகருக்கு பஜ்ஜி தின்ன இருபது வருடமாக வருகிறேன். பக்கத்திலேயே இருக்கும் இந்த மீனவர் ஊரை எட்டிப் பார்த்ததே இல்லை.

மணலோரச் சாலைக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இடப்பக்கம் அடையாறு நதி மணல்திட்டை உடைத்துக்கொண்டு செந்நிறமாகக் கடலுக்குள் பாய்கிறது. எதிரே ஆளுயர அலைகள் அதைத் திருப்பித் தள்ளுகின்றன. பயமாக இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

எல்லாப் படகுகளும் மேட்டில் ஏறியிருந்தன, ஒன்றைத் தவிர. மீன் விற்கும் செல்வி என்பவர் பிளாஸ்டிக் உறையைத் தலையில் போர்த்திக்கொண்டு கடலையே பார்த்து நின்றார். அவர் கணவரும் கொழுந்தனும் அந்தப் படகில் போயிருந்தார்கள். "போட்ட வலைய எடுத்தாந்துடுறேன்னு போச்சுக்கா. இன்னும் காணோம்."

ஆறு மணிக்கு மின்சாரம் போனது. யாரும் கூப்பிடாமலே ஆட்டோ, பைக், மீன் வண்டி என்று ஒவ்வொன்றாக வந்து, ஓரிடத்தில் நெருக்கமாக நின்று, கடலைப் பார்த்து விளக்கைப் போட்டன. வெளிச்சம் பரவலாக இருக்கட்டுமே என்று நான் ஆற்றுப் பக்கமாகத் தனியே போய் நிறுத்தினேன்.

செல்வி ஓடி வந்தார். "அங்க காட்டாதக்கா. வெளக்கு கீற எடத்தப் பாத்துதான் கரைக்கு வருவாங்க. ஆத்து வாயில மாட்டிக்கினா இழுத்துக்கினு போயிடும்."

உடனே விளக்கை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் போனேன். இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். நாற்பது வண்டியாவது இருக்கும். அத்தனை வெளிச்சமும் மழையைக் கிழித்துக்கொண்டு முதல் அலை வரை போனது. இப்படி ஒரு காட்சியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஓர் அலையின் மேல் படகின் மூக்கு தெரிந்தது. நேராக எங்கள் வெளிச்சத்துக்குள் வந்தது. ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார்கள்.

"வல எங்க?" என்று கணவரைக் கேட்டார் செல்வி.

"அறுத்து வுட்டுட்டேன்."

"போனாப் போவுது" என்று சொல்லிவிட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வண்டிய ஆஃப் பண்ணுக்கா. பெட்ரோலு வீணாவுது."

போக நினைப்பவர்களுக்கு: அடையாறு பேருந்துப் பணிமனையிலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கேட்பார்கள். மீன் வாங்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம். மழையில் சொந்த வண்டியில் போகிறவர்கள் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்துவது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.