சாமி அலமாரியில் ஒரு ரூட்டர்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விற்றுவிட்டு, அது ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்வதுதான் வைஃபை மாட்டுகிறவன் தொழில். ரூட்டரைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஐம்பத்துநாலில் மீதி

ரெண்டாயிரத்து ஆறு வாக்கில், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சேர்ந்த மூன்றாவது வாரம். பக்கத்து ஹெப்பகோடியில் மைதிலி என்பவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தைக்காரர். ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேனேஜர் விட்டிருந்தார். லைன் அடிக்கடி அறுந்தால் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அதனால் வேலையே போய்விடும்.

ரூட்டர் பெட்டியில் ஸ்பீடு 54 எம்.பி. என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றுகூட வரவில்லை. மீதி எங்கே என்று கேட்டார். எனக்கே தெரியாது. முதலாளி பசவராஜுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னார்: "நோடப்பா, இங்க பாரு, 54 ரூட்டரோட ஸ்பீடு. வீட்டுக்கு வர்ற லைனே கால் எம்.பி.தான். இதை அவங்களுக்குப் புரிய வெச்சுட்டா, எனக்கும் வந்து சொல்லு."

இரண்டு கொம்பு

ஸ்பீடு போகட்டும், லைன் அறுந்துகொண்டே இருந்தது. ஹாலில் பீரோ பக்கத்தில் இருந்த ஒற்றை ஆன்டெனா ரூட்டரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரட்டை ஆன்டெனா வைத்தேன். ஹாலில் முழு சிக்னல். அவர் வேலை பார்க்கிற படுக்கையறையில் ஒரு கோடு. கொம்பைத் திருப்பினால் இரண்டு கோடு, கையை எடுத்தால் மறுபடி ஒன்று. என்ன மாயமோ, தலை சுற்றியது.

மைதிலியின் கணவர் குமார், தருமபுரிக்காரர், பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, நீங்க பிடிச்சுக்கிட்டு இருந்தாதான் வருது. பேசாம இங்கயே தங்கிடுங்களேன்."

ஆயுதத்துக்கு லீவு

ஆயுத பூஜையன்று மதியம் போன். சுத்தமாக சிக்னல் இல்லை, ஆறு மணிக்கு அமெரிக்காக்காரரோடு மீட்டிங், மேனேஜரும் அதில் இருப்பார் என்றார் மைதிலி, அழாத குறையாக. இருப்பதிலேயே விலை கூடின ரூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் மாட்டிய ரூட்டரைக் குமார் பூஜைக்காகக் கழற்றியிருந்தார்; அது சாமி அலமாரியில் சந்தனம், குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் குமாரின் ஸ்பேனர்கள். நாளைக் காலைவரை இறக்கக் கூடாது என்றார் குமார். புதுசை மாட்டலாமா என்றால், பூஜை போடாத சாமானா என்று முகம் சுளித்தார். எனக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் மைதிலியே ஒரு வழி சொன்னார். இறக்க வேண்டாம், பழையதை அங்கேயே வைத்து ஆன் பண்ணலாம். சீரியல் பல்பைக் கழற்றி அந்தப் பிளக்கில் ரூட்டரைச் செருகி, கேபிளை இழுத்துக் கொடுத்தேன்.

படுக்கையறையில் ஐந்து கோடும் நின்றது. மீட்டிங் முடியும்வரை ஹாலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. வீட்டிலிருந்தே தொடரலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். வெளியே வந்த மைதிலிக்குக் கண் கலங்கியிருந்தது. "அண்ணா, இனிமே அதை இறக்கவே வேண்டாம். சீரியல் பல்பு வேற எங்கயாவது எரியட்டும்."

பீரோ மறைத்ததா, உயரம் உதவியதா, குங்குமமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் எந்த ரூட்டர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டில் சாமி அலமாரி எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்கிறேன்.