இரண்டாம் சரணம்

வாகரைக் கடற்கரைத் தேவாலயத்தில் இளைஞர் இசை முகாம். சண்டை ஓய்ந்தபின் முதல்முறையாக வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். பாடகர் வரிசையில் உள்ளூர்ப் பெண்கள் இருவருக்கு நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடைவெளி தெரிகிறது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த லெராடோவை அதில் நிற்கச் சொல்கிறேன்.

"ஏலா மாஸ்டர்," என்று அவ்விருவரில் ஒருத்தியான மேரி கைநீட்டித் தடுக்கிறாள். "அதில எங்கட ஸ்டெல்லா நிக்கிறாள்."

"எங்கே?"

"சுனாமி கொண்டு போனது. ரெண்டாம் சரணம் இப்பவும் அவள்தான் பாடுறவள்."

பாட்டைத் தொடங்குகிறோம். முதற் சரணம் முடிந்ததும் மேரியும் தோழியும் வாய்மூடிக்கொள்கிறார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்துகிறார்கள். ஜன்னலில் காற்று மட்டும் கேட்கிறது. எனக்குக் கையசைக்கத் தைரியம் வரவில்லை. சரணத்தின் நேரம் கழிகிறது. பிறகு எல்லோரும், லெராடோவும்கூட, ஒரே நொடியில் பல்லவியை எடுக்கிறார்கள்.